குகைவாசலில் வெயில் அடித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில் வந்த குகைச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். எழுதியவருக்குக் குகைகள் மீது உண்மையான ஆசை இருக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புப் படிவங்களைப் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன். ஆனால், மழைக்காலத்தில்தான் குகைக்குள் ஓடும் நீர் அழகாக இருக்கும் என்றும், வாசலில் மழை இல்லாவிட்டால் தயங்காமல் உள்ளே போகலாம் என்றும் அவர் முடித்திருப்பதைக் கண்டு பதறிப்போனேன். இதை நம்பி யாரேனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விடக் கூடாது. அதற்காகவே இந்தக் கடிதம்.

நான் நிலவியல் கற்பித்தவள். சுண்ணாம்புக்கல் குகைகளை அளந்து வரைபடம் தயாரிக்கும் குழுக்களோடு பல ஆண்டுகள் உள்ளே சென்று வந்திருக்கிறேன். குகைக்குப் புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று தலைக்கு மேலே உள்ள வானத்தைப் பார்க்கிறார்கள். அனுபவசாலிகளோ மலைக்குப் பின்புறம் மேகம் கட்டியிருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள். உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் இந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

காரணம் எளிதானது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் நெடுங்காலமாகச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளை அரித்து அரித்துத் தனக்கென வழி செய்துகொண்டிருக்கிறது. நாம் வியந்து நடக்கும் குகை அந்த வழிதான். மேலே நிலம் உள்வாங்கிய பள்ளங்களும், ஓடையை அப்படியே விழுங்கிவிடும் துளைகளும் இருக்கும். பல சதுர கிலோமீட்டரில் விழும் மழையை அவை ஒன்றுசேர்த்துக் கீழே அனுப்புகின்றன. மலை முழுவதையும் ஒரு புனலாக எண்ணிக்கொண்டால், நாம் நிற்பது அதன் குழாய்க்குள். மழை பெய்யும் இடத்துக்கும் நாம் நுழைந்த வாசலுக்கும் இடையே ஒரு மலையே இருக்கலாம். அங்கே பெய்த மழை உள்ளே வந்து சேரச் சில குகைகளில் நிமிடங்கள் போதும், சிலவற்றில் மணிக்கணக்காகும். அதற்குள் வெளியே வெயில்கூட அடித்துவிடும். நாட்கணக்கில் மண் நனைந்து ஊறியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதற்குமேல் நீரை உறிஞ்ச மண்ணில் இடம் இல்லாததால், சாதாரணத் தூறலும் நேரே உள்ளே இறங்கும். குறுகலான இடத்தில் நீர் வெளியேற முடியாமல் பின்னோக்கித் தேங்கும். அகன்ற ஆற்றில் ஒரு முழம் ஏறும் வெள்ளம், இங்கே கூரையைத் தொட்டுவிடும்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருமுறை, கணுக்கால் அளவு தெளிந்த நீர் ஓடிய பாதையில் நின்று அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வழிகாட்டி தன் தலைவிளக்கைக் கூரைப் பக்கம் திருப்பி ஒரு பாறை இடுக்கைக் காட்டினார். அங்கே காய்ந்த சுள்ளிகளும் இலைச் சருகுகளும் இறுகச் செருகியிருந்தன. எங்கள் தலைக்கும் மேலே, கை நீட்டினாலும் எட்டாத உயரம். யாரும் அவற்றைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்க முடியாது. முந்தைய வெள்ளம் வந்துபோன மட்டம் அது. அப்போதே நாங்கள் பையைக் கட்டத் தொடங்கியிருந்தோம். முகத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று திடீரென்று திசை மாறியது. சற்று நேரத்தில் பழுப்பு நுரை மிதந்து வந்தது; அதில் பச்சை இலைத் துணுக்குகள். பின்னாலேயே நீரின் நிறம் மாறியது. வழிகாட்டி வாசல் பக்கம் திரும்பவே இல்லை. ஏனென்றால் வெளியேறும் வழியில் குனிந்து போகவேண்டிய ஒரு தாழ்வான இடம் உண்டு. முதலில் நிரம்புவது அதுதான் என்று அவருக்குத் தெரியும். வரும்போதே பார்த்து வைத்திருந்த உயரமான பாறைத் திட்டுக்கு எங்களை ஏற்றினார். ஈரச் சட்டைகளைப் பிழிந்தோம், கயிற்றுச் சுருள்கள் மீது நெருங்கி உட்கார்ந்தோம், ஒரு விளக்கைத் தவிர மற்றவற்றை அணைத்தோம். நாங்கள் நின்றிருந்த இடத்தில் இரைச்சலோடு நீர் போனது. அது வடிய நள்ளிரவாயிற்று. ஓடிப் போயிருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் உள்ளே போனார்கள். வாசலில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஜூலை முதல் நவம்பர் வரை வெள்ள அபாயம் என்று அதில் எழுதியிருந்தது. நாட்காட்டிப்படி அவர்கள் போனது ஆபத்தில்லாத நாள். மழைக்கு நாட்காட்டி தெரியாது. ஜூலை 2 அன்று பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் அவர்களை வாசலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் கண்டுபிடித்தார்கள். ஜூலை 10 அன்று கடைசியாக இருந்தவர்களும் மீட்கப்பட்டார்கள். அதற்குள், ஆக்சிஜன் கலன்களை வைத்துவிட்டுத் திரும்பிய முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் உயிரிழந்தார். மீட்பில் ஈடுபட்ட இன்னொரு கடற்படை வீரர் அப்போது தொற்றிய நோயால் 2019 டிசம்பரில் இறந்தார். அந்த மீட்புப் பணியில் என் மனதில் நிற்பது வேறொரு காட்சி. குகைக்குள் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தபோதே, ஒரு குழு மலைமீது ஏறி ஓடைகளைத் தேடித் தேடித் திருப்பிவிட்டது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். உள்ளே போவதற்கு முன்பே ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

அதே நாட்டின் காவோ சோக் தேசியப் பூங்காவில் 2007 அக்டோபரில் குகைக்குள் பாய்ந்த வெள்ளத்தில் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் உள்ளூர் வழிகாட்டிகள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள மாஸ்டேல் குகையில் 1967 ஜூன் 24 அன்று தேர்ந்த இளம் குகை ஆய்வாளர்கள் ஆறு பேர் மூழ்கினார்கள். ஓடையைத் திருப்பக் கால்வாய் வெட்டியும் காப்பாற்ற முடியவில்லை. அவர்களுடைய உடல்கள் அந்தக் குகையிலேயே இருக்கின்றன. முன்னதாக வெளியேறிவிட்ட அவர்களுடைய நண்பர்கள் பிழைத்தார்கள். பயிற்சி இருந்தால் போதும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பிழைத்தவர்களின் கதைகளும் உண்டு. ஆஸ்திரியாவின் லூர்க்ரோட்டே குகையில் 1894இல் ஏழு பேர் ஒன்பது நாட்கள் சிக்கியிருந்து மீண்டார்கள். சுவிட்சர்லாந்தின் ஹோல்லோக் குகையில் 1952இல் நான்கு பேர் கொண்ட ஆய்வுக் குழு பத்து நாட்கள் உள்ளேயே காத்திருந்து வெளியே வந்தது. 2024 ஜனவரியில், நடுக் குளிர்காலத்தில், ஸ்லோவேனியாவின் கிரிஷ்னா குகையில் ஒரு குடும்பமும் இரு வழிகாட்டிகளும் அகப்பட்டுக்கொண்டார்கள். இரண்டு நாட்களில் மீட்கப்பட்டார்கள். இவர்கள் வெள்ளத்தை எதிர்த்து நீந்தவில்லை. நீர் எட்டாத இடத்தில் காத்திருந்தார்கள். குளிர்தான் அப்போது பெரிய எதிரி. ஆகவே மடித்தால் கைக்குள் அடங்கும் வெப்பப் போர்வை, ஆளுக்கு மூன்று விளக்குகள், கொஞ்சம் உணவு இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்பதை வெளியில் ஒருவரிடம் சொல்லிவைத்தே போக வேண்டும். அந்த நேரம் தாண்டினால் யாரை அழைப்பது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுரையில் இன்னொரு குறையும் உண்டு. முன்பதிவு செய்த பணம் வீணாகாமல் இருக்கத் திட்டமிட்ட நாளில் போய்விடுங்கள் என்கிறார் எழுதியவர். வழிகாட்டிகள் மீது விழும் அழுத்தம் இதுதான். ‘இன்று வேண்டாம்’ என்று ஒரு வழிகாட்டி சொன்னால், பணம் கட்டியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நிறுவனமும் அவரையே குறை சொல்கிறது. மழை காரணமாகப் பயணம் ரத்தானால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம் என்று எழுத்தில் உறுதி தராத நிறுவனத்தோடு குகைக்குள் போகாதீர்கள் என்பதே என் பரிந்துரை.

ஆசிரியர் அவர்கள் அருள்கூர்ந்து அடுத்த ஞாயிறு இதழின் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். வாசலில் மழை இல்லாவிட்டால் போகலாம் என்ற வரியை நீக்கியதாக அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இனி குகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள், நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் குறிப்பிடும் பெட்டிச் செய்தியில், அந்தக் குகைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மாதங்களில் மூடப்படும், மழை முன்னறிவிப்பை எந்தப் பகுதிக்குப் பார்க்க வேண்டும் என்ற மூன்று விவரங்களையும் சேர்க்கும்படி தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியை ஒருவர்