படகோட்டிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்கத்தின் மூத்தோரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மேற்கு இலண்டனில் கிராண்ட் யூனியன் கால்வாயிலும் அதன் பேடிங்டன் கிளையிலும் படகோட்டும் தமிழர்களாகிய நமது சங்கத்தின் சென்ற ஆண்டு நடவடிக்கைகளைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வழக்கமாக இவ்வறிக்கையில் பயணங்களின் விவரமும் வரவு செலவும் முதலிடம் பெறும். இம்முறை செயற்குழுவின் நேரத்தில் பெரும்பங்கு, கால்வாயில் நாம் மற்றவர்களோடு எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்ற ஒரே விடயத்தில் செலவாகியதால், அறிக்கையும் அதைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கப் படகுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெறவேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. காப்புறுதியும் உரிமக் கட்டணமும் உரிய காலத்தில் செலுத்தப்பட்டன.

கோடை விடுமுறைக் காலத்தில், கரையோரம் கட்டியிருந்த ஒரு படகில் வசிப்பவரிடமிருந்து நமக்கு எழுத்துமூலம் ஒரு முறைப்பாடு வந்தது. நமது படகு கடந்துபோன வேகத்தில் தம்முடைய படகு முன்னும் பின்னும் இழுபட்டதாகவும், கரையில் அடித்திருந்த இரும்பு முளைகளில் ஒன்று மண்ணோடு பிடுங்கிக்கொண்டதாகவும், அடுப்பிலிருந்த சூப்புப் பானை தரையில் கவிழ்ந்ததாகவும் அவர் எழுதியிருந்தார். தலைவரும் துணைச் செயலாளரும் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தனர். ஏச்சு வாங்கத் தயாராகப் போனவர்களுக்கு அங்கே தேநீர் கிடைத்தது. பிடுங்கப்பட்ட முளையை எடுத்துக் காட்டி, அதை எந்தச் சாய்வில் அடித்தால் நிற்கும் என்பதையும் அவர் விளக்கி அனுப்பினார். சங்கப் படகைச் செலுத்தும் எவரும் இனி இந்தச் சம்பவத்தை அறியாமல் சுக்கானைப் பிடிக்கக் கூடாது என்பது செயற்குழுவின் எண்ணமாதலால், இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கால்வாய்களில் பொதுவான வேக எல்லை மணிக்கு 4 மைல். அந்த எல்லைக்குள் போனால் எந்தக் குற்றமும் இல்லை என்று நம்மில் பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் 4 மைல் என்பது திறந்த நீரில் போகக்கூடிய உச்ச வேகம் மட்டுமே. கட்டப்பட்ட படகுகளின் அருகே அது மிக அதிகம். கால்வாய் ஒடுக்கமானது, ஆழமும் குறைந்தது. நம் படகின் அடிக்கும் கால்வாயின் தரைக்கும் இடையே பல இடங்களில் ஓரிரு அடி நீரே இருக்கும். படகு முன்னே போகும்போது அது தள்ளும் நீர் இரு பக்கங்களாலும் பின்னோக்கி ஓடித்தான் ஆகவேண்டும். அந்த ஓட்டத்தில் பக்கத்திலுள்ள நீர்மட்டம் தாழ்ந்து, கட்டியிருக்கும் படகு முதலில் நம்மை நோக்கியும் பிறகு எதிர்ப்பக்கமாகவும் இழுபடுகிறது. மேற்பரப்பில் பெரிய அலை எதுவும் தெரியாததால், சுக்கானைப் பிடித்திருப்பவர் தாம் எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை என்றே நம்பிக்கொண்டு போகிறார்.

நம் அங்கத்தவர்களில் சிலர் வல்வெட்டித்துறை, மயிலிட்டி போன்ற ஊர்களில் கடலோடு வளர்ந்தவர்கள். நீரைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தகுதியில்லை. ஆயினும் ஆழ்கடலில் ஒரு படகின் பின்னோட்டம் யாருடைய சமையலையும் கவிழ்ப்பதில்லை. இங்கோ வரிசையாகக் கட்டப்பட்ட படகுகளில் பெரும்பாலானவை மக்கள் உறங்கி, சமைத்து, பிள்ளை வளர்க்கும் வீடுகள். ஆகவே வரிசையின் முதற்படகை நெருங்கிய பின் அல்ல, அதற்கு வெகுதூரம் முன்னதாகவே எஞ்சினை ஓய்வு வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசிப் படகைத் தாண்டிய பின்னரே கூட்ட வேண்டும். அருகில் வந்த பின் அவசரமாகக் குறைப்பதால் பயன் குறைவு. ஏற்கெனவே கிளம்பிய நீரோட்டம் நம்மை முந்திக்கொண்டு போய்விடும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. வேகத்தைக் குறைக்கும்படி கூவுவோரில் சிலருடைய கயிறுகள் தொய்ந்து நீரில் நனைந்துகொண்டிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொய்ந்த கயிற்றில் நிற்கும் படகு, நடைவேகத்தில் போகும் படகுக்கும் ஆடும். முன்கயிறும் பின்கயிறும் படகிலிருந்து விலகிச் சாய்வாகப் போகும்படி இறுக்கிக் கட்டி, தேவையான இடத்தில் எதிர்ச்சாய்வில் இன்னொரு கயிறும் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நாம் கரையில் நிற்கும்போது இதைச் செய்துவிட்டுத்தான் மற்றவரைக் கேட்க வேண்டும். கூவியவருக்கு எதிர்க்கூச்சல் போடுவதில்லை, கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டு மேலும் குறைப்பது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. யாருடைய கயிறு தொய்வு என்ற விவாதம் ஓடும் படகிலிருந்து நடத்தக்கூடியதன்று.

அடுத்தது லாக்குகள், அதாவது இரு முனையிலும் கதவுகளும் நீரை விடும் மதகுகளும் கொண்டு, நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகள். 1801இல் திறக்கப்பட்ட பேடிங்டன் கிளை, புல்ஸ் பிரிட்ஜ் சந்தியிலிருந்து லிட்டில் வெனிஸ் வரை ஏறத்தாழ 13.5 மைல் நீளமுள்ள, ஒரு லாக்கூட இல்லாத சமமட்டம். நம்மவர் பெரும்பாலும் இங்கேயே ஓட்டிப் பழகுவதால், முதன்முதலில் லாக்கைச் சந்திப்பது சந்தியிலிருந்து பிரென்ட்ஃபோர்டுப் பக்கம் திரும்பி நோர்வுட் வழியாக ஹான்வெல்லுக்குப் போகும்போதுதான். அங்கே பழைய மனநல மருத்துவமனையின் உயர்ந்த மதிலையொட்டி ஆறு லாக்குகள் அடுத்தடுத்து நின்று, நீர்மட்டத்தை 53 அடி இறக்குகின்றன. பழக்கமில்லாதவர் குழம்புவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அடிப்படைக் கைவேலையைப் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொள்ளலாம். அங்குள்ள முறை மரியாதையைத்தான் இங்கே குறிப்பிட வேண்டியுள்ளது.

நாம் மேலிருந்து இறங்கும்போது லாக் வெறுமையாக இருந்தால், உடனே மதகைத் திறக்கும் கைப்பிடியை மாட்டி நீரை நிரப்பத் தொடங்கக் கூடாது. முதலில் கீழே பார்க்க வேண்டும். ஏறிவரும் படகு கண்ணுக்குத் தெரிந்தால் அந்த லாக் அவர்களுடையது; அவர்கள் உள்ளே வந்து ஏறி வெளியேறிய பின், அதே நீரில் நாம் இறங்கலாம். பார்க்காமல் நிரப்பினால் அவர்கள் காத்திருப்பதோடு, இரண்டு இலட்சம் லீட்டருக்கு மேற்பட்ட நீரும் வீணே கீழே போகிறது. இந்தக் கால்வாயின் லாக்குகள் ஏறத்தாழ 14 அடி அகலமானவை. ஏழடிக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள நாரோபோட்டுகள் எனும் ஒடுக்கமான கால்வாய்ப் படகுகள் இரண்டு பக்கத்தில் பக்கமாக நிற்கலாம். ஆகவே பின்னால் ஒரு படகு வருவது தெரிந்தால், சில நிமிடங்கள் பொறுத்து அதையும் சேர்த்துக்கொண்டு போவதே இங்குள்ள வழக்கம். இலையுதிர்காலப் பயணத்தில் தனியாகப் படகு செலுத்திவந்த ஒரு மூதாட்டி நமக்காக இப்படிக் காத்திருந்தார். ஆறு லாக்குகளையும் இரண்டு படகுகளும் ஒன்றாகவே இறங்கின. நம் இளைஞர்கள் கைப்பிடியோடு கரைப்பாதையில் முன்னே நடந்து, கீழிருந்து எவரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு அடுத்த லாக்கை ஆயத்தம் செய்தார்கள். அவர் இறங்கி ஏறும் சிரமமே இல்லாமல் சுக்கானோடு நின்றார்.

அதே பயணத்தின் இன்னொரு கட்டத்தில் நம் உதவி உபத்திரவமாகிவிட்டது. மேலே ஏறிக்கொண்டிருந்த வேறொரு படகைக் கண்டதும், நம்மவர் இருவர் ஓடிப்போய், எவரையும் கேளாமல் மேல்மதகுகளை முழுவதும் திறந்துவிட்டனர். உள்ளே பாய்ந்த நீர் அந்தப் படகை முன்கதவை நோக்கி இழுத்தது. படகிலிருந்தவர் போட்ட சத்தம் நியாயமானதே. லாக்கில் நிற்கும் படகின் பாதுகாப்புக்கு அதன் சுக்கானைப் பிடித்திருப்பவரே பொறுப்பு. இறங்கும்போது பின்பகுதி மேற்கதவடியிலுள்ள கல்திட்டில் ஏறிவிடாமல் பார்ப்பவரும் அவரே. அவர் தலையசைத்த பின் மதகைக் கொஞ்சமாகத் திறந்து, மறுபடி அவருடைய முகத்தைப் பார்த்து, பிறகுதான் மீதியைத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் மதகைக் கைப்பிடியால் சுற்றி இறக்க வேண்டுமேயன்றி, தடையை விலக்கிவிட்டுத் தானாக விழ விடக் கூடாது. எவரும் வரவில்லையென்றால் எல்லாக் கதவுகளையும் மூடி, எல்லா மதகுகளையும் இறக்கிவிட்டே அகல வேண்டும்.

நேருக்கு நேர் சந்திக்கும்போது வலப்பக்கம் ஒதுங்குவது விதி. இலங்கையிலும் இங்கிலாந்திலும் இடப்பக்கமே கார் ஓட்டிய நமக்கு, பதற்றத்தில் கை இடப்பக்கம் போவது இயல்பு. அதனால் சங்கப் படகின் சுக்கானருகே பெரிய அம்புக்குறி ஒன்று வரையப்பட்டுள்ளது. சிரிப்புக்குரியதாகத் தோன்றினாலும் அது பயன்தருகிறது. ஒடுங்கிய பாலத்தடியில் முதலில் நெருங்கியவருக்கே வழி. முன்னே தெரியாத வளைவில் ஒரு நீண்ட ஊதொலி தர வேண்டும். ஹான்வெல்லுக்கு மேலே, சாலையும் கால்வாயும் இரயில்பாதையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கும் பொறியாளர் புருனெலின் 1859ஆம் ஆண்டுக் கட்டுமானத்தைப் படமெடுக்க நடுக்கால்வாயில் படகை நிறுத்தும் பழக்கத்தை அருள்கூர்ந்து கைவிடுங்கள். சற்றுத் தள்ளிக் கட்டிவிட்டு நடந்துவந்தால் படமும் நன்றாக வரும்.

கட்டுமிடங்கள் பற்றி ஒரு நீண்ட விவாதம் நடந்தது. நிரந்தரக் கட்டுமிடம் இல்லாத படகுகள் ஓரிடத்தில் பொதுவாக 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாதென்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இலண்டனுக்குள்ளோ அதற்கும் இடம் கிடைப்பதில்லை. எனவே கரையில் நிற்கும் ஒரு படகின் பக்கவாட்டில் இன்னொன்றைச் சேர்த்துக் கட்டுவது இங்கே சாதாரணம். அப்படிக் கட்ட விரும்புவோர் உள்ளிருப்பவரைத் தட்டிக் கேட்டுவிட்டே கட்ட வேண்டும். அவர் எப்போது புறப்படுவார் என்பதையும் அப்போதே அறிந்துகொள்ள வேண்டும். கரைக்குப் போகும்போது அவருடைய படகின் முன்பகுதியால் கடப்பது நல்லது. சன்னலுக்குள் பார்வை போகக் கூடாது. நமக்கு அடுத்து யாராவது கட்டக் கேட்டால் மறுக்கக் கூடாதென்ற பிரேரணையை ஓர் அங்கத்தவர் கொண்டுவந்தார், எதிர்ப்பின்றி நிறைவேறியது. படகு திருப்புவதற்கென அகலமாக வெட்டப்பட்ட இடங்களிலும் லாக் வாசலிலும் கட்டக் கூடாதென்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தண்ணீர்க் குழாயடியில் தொட்டி நிறைந்ததும் நகர்ந்துவிட வேண்டும். குழாய் பூட்டிய படகிலேயே மதிய உணவை முடிப்பது நமது குழுக்களிடம் காணப்படும் குறை. கழிவகற்றும் இடத்தை, அடுத்து வருபவர் முகம் சுளிக்காதபடி கழுவிவிட்டுப் போவதைப் பற்றி விரித்து எழுத விரும்பவில்லை.

ஒலி விடயத்தில் உரிமத்தின் நிபந்தனை தெளிவானது: பிறர் படகுகள் அருகிலிருக்கும்போது, இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை கட்டிய படகில் எஞ்சினையோ மின்பிறப்பாக்கியையோ இயக்கக் கூடாது. பாட்டுப் பெட்டிக்கு அத்தகைய மணிக்கணக்கு இல்லாவிட்டாலும், நமது பிறந்தநாள் பயணங்களில் கூரைமேல் வைக்கப்படும் ஒலிபெருக்கிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இசை படகுக்குள் கேட்டால் போதும். தூண்டிலிடுவோரைக் கடக்கும்போது வேகத்தை மாற்றாமல் மெதுவாக நடுவால் போவதே அவர்களுக்கு வசதி. நீண்ட தூண்டிற் கம்பை அவர்கள் இழுத்துக்கொள்ள நேரம் தரவேண்டும். கரைப்பாதையில் நடப்பவருக்கே முதலுரிமை என்பதால், நம் கயிறுகள் பாதைக்குக் குறுக்கே போகக் கூடாது. முளைகளின் தலையில் வெளிறிய நிறத் துணியையோ பந்தையோ மாட்டிவைக்க வேண்டும்.

எதிரே வரும் ஒவ்வொரு படகுக்கும் கையுயர்த்துவது இங்குள்ள பழக்கம். அறிமுகமில்லாதவருக்கு ஏன் என்று ஒரு புதிய அங்கத்தவர் கேட்டார். ஒரு லாக்கில் சிக்கிக்கொண்டால் உதவப்போகிறவர் அவரே என்று தலைவர் அளித்த பதிலுக்கு மேல் நான் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. லாக்குகளில் பணிபுரியும் தொண்டர்களுக்கு வடையும் தேநீரும் கொடுக்கும் நமது வழக்கம் நல்ல பெயரைத் தந்துள்ளது. மிளகாய் குறைவாக இருத்தல் நலம்.

மேற்கூறியவற்றையொட்டி மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டுள்ளன. சங்கப் படகைச் செலுத்த விரும்புவோர், ஆர்.வை.ஏ. எனும் படகோட்டப் பயிற்சி அமைப்பின் உள்நாட்டு நீர்வழிச் சுக்கானிகள் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும், அல்லது பெற்ற ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஹான்வெல் பயணத்துக்குமுன் பயிற்சிப் பயணம் ஒன்று கட்டாயமாகும். சேதமான முளைக்கும் கவிழ்ந்த சூப்புக்கும் நாம் கொடுக்க முன்வந்த தொகையை அந்த அயலவர் வாங்க மறுத்ததால், அது கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறநிலையத்துக்கு நன்கொடையாக அனுப்பப்பட்டது. படகுக்கு இரண்டாவது தண்ணீர்க் குழாய் வாங்கும் யோசனை அடுத்த செயற்குழுவின் பரிசீலனைக்கு விடப்படுகிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்