குவியாத கணக்குக்கு 'கன்வர்ஜ்டு' என்று முத்திரை: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
சென்னைக் கிளை

பொருள்: லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் (ஆம்/இல்லை என்ற விளைவோடு ஒன்றுக்குள்ள தொடர்பைக் காணும் கணக்கு) தவறான 'கன்வர்ஜ்டு' (விடை ஓரிடத்தில் குவிந்துவிட்டது) செய்தி, அதற்கு உதவிப் பிரிவு தந்த பதில்கள்

ஐயா,

ஆறு வருடமாகச் சந்தா கட்டி உங்கள் புள்ளியியல் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில்.

போன மாதம் ஒரு மாணவி 60 அறுவை சிகிச்சைகளின் விவரத்தோடு வந்தார். புதுவகைக் கட்டு போட்ட 14 பேரில் ஒருவருக்கும் புண்ணில் சீழ் வைக்கவில்லை. பழைய கட்டு போட்ட 46 பேரில் 9 பேருக்கு வைத்திருந்தது. லாஜிஸ்டிக் ரிக்ரஷன் ஓட்டினோம். 16-ஆவது சுற்றில் 'கன்வர்ஜ்டு' என்று பச்சை எழுத்தில் வந்தது. கெழு (கட்டின் தாக்கத்தைச் சொல்லும் எண்) −15.8, அதன் திட்டப்பிழை (அந்த எண் எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) 1452, பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படி வர உள்ள வாய்ப்பு) 0.99. கட்டுக்கும் சீழுக்கும் சம்பந்தமில்லை என்று மாணவி எழுதியே விட்டார். கெழுவைவிட அத்தனை பெரிதான அந்த 1452-ஐப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. குறுக்கு அட்டவணையை முதலிலேயே போட்டுப் பார்க்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் தப்பு அதைவிடப் பெரிது. ஒரு பிரிவில் பூஜ்யம் இருந்தால் இந்தக் கெழுவுக்கு முடிவான மதிப்பே கிடையாது. விடையைச் சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே போகும் நியூட்டன் ராப்சன் முறையில் அது சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்று வீதம் இறங்கிக்கொண்டே போகும். லைக்லிஹுட் (தரவோடு கணக்கு பொருந்தும் அளவு) மட்டும் ஓர் எல்லையை ஒட்டி அசையாமல் நின்றுவிடும். உங்கள் மென்பொருள் லைக்லிஹுட்டை மட்டுமே பார்க்கிறது. அது நின்றதும் ஊர் வந்து சேர்ந்தாயிற்று என்று மணியடிக்கிறது.

'சுற்றுகளை 1000 ஆக்குங்கள்' என்றது உதவிப் பிரிவு. 16-இலேயே நின்றுவிட்ட வண்டிக்கு 1000 எதற்கு? டாலரன்ஸை (மாற்றம் எவ்வளவு சிறிதானால் நிறுத்தலாம் என்ற வரம்பு) 0.000001-இலிருந்து 0.00000001-க்கு நானே இறுக்கினேன். கெழு −20.8 ஆனது, திட்டப்பிழை 17,700-ஐ எட்டியது. அப்போதும் பச்சை எழுத்துதான். வேடிக்கை என்னவென்றால், அதே அட்டவணையின் அடியில் லைக்லிஹுட் விகிதச் சோதனை (கட்டைச் சேர்த்தால் பொருத்தம் கூடுகிறதா என்று பார்ப்பது) 5.25 என்று நிற்கிறது, பி மதிப்பு 0.022. மேலே தொடர்பே இல்லை, கீழே இருக்கிறது. இரண்டையும் அச்சிட்ட மென்பொருளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அடுத்த பதிலில், இயல்பு அமைப்புகளை எல்லா வாடிக்கையாளர்களும் நம்பிப் பயன்படுத்துவதாக எழுதியிருந்தார்கள். நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2002-இல் நடந்ததே போதும். அமெரிக்காவின் 90 நகரங்களில் காற்றுத்தூசுக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் தூசு கூடினால் மரணம் 0.41 சதவீதம் கூடும் என்று வந்திருந்தது. அவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் இயல்பு டாலரன்ஸ் தளர்வானது என்று தெரிந்து, இறுக்கி மறுபடி ஓட்டியபோது அது 0.27 ஆனது. அதை அவர்களே வெளியிட்டார்கள்.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். இப்படி ஒரு பிரிவில் பூஜ்யம் வந்து தரவு பிரிந்து கிடக்கும்போது பச்சை எழுத்துக்குப் பதில் எச்சரிக்கை வர வேண்டும். எந்த அளவுகோலில் கணக்கு நின்றது என்பதும் அதோடு அச்சாக வேண்டும். இப்படிப்பட்ட தரவிலும் முடிவான கெழுவைத் தரும், 1993-இலேயே வந்துவிட்ட ஃபர்த் முறையைத் தனிக் கட்டணம் கேட்காமல் அடிப்படைப் பதிப்பிலேயே கொடுங்கள். அதுவரை என் சந்தாப் புதுப்பிப்புத் தொகையைத் திருப்பித் தாருங்கள்.

தரவும் ஓட்டப் பதிவும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அப்புறம், பதில் எழுதுபவர் இணைப்பைத் திறந்து ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
மதுரை