இரும்பு பீமை எதன்மேல் வைக்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட லயங்களை விட்டு மலிவு விலைத் தரைவீடுகளுக்கு வந்த நம் மக்களில் பலர், குடும்பம் பெருகியதும் பின்பக்கச் சுவரை இடித்துச் சமையலறையை நீட்டிக் கட்டுகிறார்கள். இடித்த சுவரின் இடத்தில் இரும்பு பீம் போடுவதும், கறையான் அரித்த கூரை மரங்களுக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டங்களை ஏற்றுவதும் வழக்கமாகிவிட்டன. கூரையைப் பற்றி எனக்குக் குறையில்லை. பீமைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குக் குத்தகையாளர் கொண்டுவந்த பீம் தரமானதே. ஆனால் அதன் ஒரு முனையை, அண்டை வீட்டாருக்கும் எங்களுக்கும் பொதுவான நாலரை அங்குலச் செங்கல் சுவரின்மேல், அடியில் ஒரு தகடுகூட இல்லாமல் வைத்துவிட்டார். முன்பு சுவரின் நீளம் முழுவதும் பரவி இறங்கிய சுமையை பீம் திரட்டி இரண்டே முனைகளில் இறக்குகிறது என்பதால், அந்த முனைகளுக்குக் கீழே அடித்தளத்தோடு கூடிய தூண் வேண்டும். எட்டே மாதத்தில் சுவர் படிக்கட்டுப் போல் விரிசல் விட்டது. அது எங்கள் பக்கத்தோடு நிற்கவில்லை.

'ஒரு சைஸ் பெரியதாகப் போட்டால் போதும்' என்பதும் கணக்கல்ல. அடிக்கு அடி அதே சுமை இருந்தாலும், 10 அடி இடைவெளியை 20 அடியாக்கினால் அதே பீம் 16 மடங்கு தொய்யும்.

தோட்டத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் நான். தரைக்கு மேலே எழுப்பிய கான்கிரீட் மேடையில் போல்ட் போட்டு நிறுத்திய இரும்புத் தூண்கள் கடைசிவரை அசையவில்லை. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலம் கலந்த கழுவுநீர் தேங்கிய இடத்தில் நின்றவை மட்டும் அடியில் துருவேறி இளைத்தன. சமையலறையில் அமிலம் இல்லாவிட்டாலும், தினமும் தரை கழுவுகிற தண்ணீர் இருக்கிறதே!

1974ஆம் ஆண்டின் தெரு, வடிகால், கட்டடச் சட்டப்படி இத்தகைய வேலைக்கு நகராண்மைக் கழகத்தின் அனுமதி தேவை. வரைபடச் செலவுக்கு அஞ்சிப் பலர் அதைத் தவிர்க்கிறார்கள், நானும் தவிர்த்தவன்தான். பீமின் அளவு, தூண், அடித்தகடு, வெல்டிங் ஆகியவற்றைப் பற்றிக் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு எளிய தமிழில் ஒரு தொடர் எழுதச் செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பீமுக்குக் கீழே இப்போதைக்கு முட்டுக்கம்பம் நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்