பெரிய வாய்க்காலுக்கு மேற்கே அனுப்புங்கள்: விடுதிக்காரர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

புதுச்சேரி விடுதிகளின் வரவேற்பு மேசையில் இருப்பவர்களுக்கும், ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் நிற்கும் ஆட்டோ அண்ணன்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை காலையில் வந்து இறங்கும் குடும்பம் முதலில் உங்களைத்தான் கேட்கிறது: “இங்க என்னங்க பார்க்கலாம்?” பதில் நம் எல்லாருக்கும் மனப்பாடம். கடற்கரை, மணக்குள விநாயகர், ஆசிரமம், மஞ்சள் சுவர் வீதிகள், மறுநாள் ஆரோவில். ஞாயிறு மதியம் “இவ்வளவுதானா பாண்டி” என்று பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை யாராவது கேட்டால், கடலோரத்து பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே அனுப்பிப் பாருங்கள். எப்படி அனுப்புவது, எங்கே சொதப்பும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஒயிட் டவுனில் பழமை தேடி அலைகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லுங்கள். 1761 ஜனவரியில் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று படம் எடுக்கப்படும் வீடுகள் எல்லாம் அதற்குப் பின் எழுந்தவை. அதற்கு முந்தைய வீடு பார்க்க வேண்டுமென்றால் தமிழர் பகுதிக்கு, ரங்கப்பிள்ளை வீதிக்குத்தான் வர வேண்டும். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை 1730-களில் கட்டியது. கீழ்த்தளத்தில் நம்மூர் மரத்தூண்கள், மேலே சுண்ணாம்பு பூசிய பிரெஞ்சுத் தூண்கள். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய மனிதர், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்பு, 1761 ஜனவரி 12-இல் இறந்தார். உள்ளே விடுவார்கள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அனுமதி கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், ஆட்டோ நுழையாது. அன்றைக்கு நடந்தே போகச் சொல்லுங்கள்.

அங்கிருந்து மிஷன் வீதி பக்கம்தான். சம்பா கோயிலை வெறும் மாதா கோயிலாக மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். ‘செயின்ட் பால்’ நம் வாயில் சம்பா ஆனது. அதன் பக்கத்தில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பிரெஞ்சுக்காரர்கள் அதை இடித்ததைப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இப்போதைய ஈசுவரன் கோயில் காந்தி வீதியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நடையில் பார்த்தால்தான் கதை புரியும்.

பழைய தமிழ் வீடுகள் உள்ள வைசியாள் வீதிக்கு மாலை நான்கு மணிக்கு மேல் அனுப்புங்கள். மதிய வெயிலில் அந்த வீதியில் கண்ணைத் திறக்க முடியாது. வீட்டை எப்படிப் பார்ப்பது என்றும் ஒரு வரி சொல்லி அனுப்பலாம். வீதிப் பக்கம் நீட்டிய ஓட்டுச் சார்ப்பும் அதைத் தாங்கும் மரத்தூணும் வழிப்போக்கருக்கு. அதற்கு உள்ளே உயர்ந்த திண்ணை, பேச வந்தவருக்கு. கதவைத் தாண்டிய முற்றம் வீட்டாருக்கு. திண்ணையில் ஏறி உட்கார்ந்து மணிக்கணக்கில் போட்டோ எடுத்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? கம்பி போடுவார். போட்டும் விட்டார்கள்.

ஆட்டோ அண்ணன்களுக்குத் தனியாக ஒன்று. “பாரதி வீடு” என்று கேட்பவரைப் பாரதி பூங்காவில் இறக்கிவிடக் கூடாது. பாரதியார் இல்லம் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் இருக்கிறது. அவர் இந்த ஊரில் இருந்தது 1908 முதல் 1918 வரை. பாரதிதாசன் வீடு வேறு, அது பெருமாள் கோயில் வீதி 95. எது வேண்டும் என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

இனி, ரோமரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேடு. போய்விட்டு வந்து “ஒண்ணுமே இல்லையே” என்று உங்களிடம் சண்டை போடுகிறார்களே, அவர்கள் சொல்வதும் சரிதான். 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். கண்ணில் படுவது தென்னையும் மாமரமும், ஆற்றோரம் நிற்கும் உயரமான செங்கல் சுவரும்தான். அதை ரோமர் கட்டிய சுவர் என்று நினைத்து செல்ஃபி எடுக்கிறார்கள். அது 18ஆம் நூற்றாண்டுக் கிறித்துவக் குருமடத்தின் மிச்சம்! எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் பாரதி பூங்காவை ஒட்டி செயின்ட் லூயி வீதியில் இருக்கும் அருங்காட்சியகம். அரிக்கமேட்டு மணிகளையும் மண்பாண்டங்களையும் அங்கே கண்ணால் பார்த்த பிறகு மேட்டுக்குப் போனால், இத்தாலியின் அரெஸ்ஸோவில் வனைந்த சிவப்புத் தட்டும் மது வந்த சாடியும் இந்த ஆற்றங்கரையில்தான் இறங்கின என்பது மனதில் படியும். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அன்று இந்தத் திட்டத்தைத் தொடங்க வேண்டாம்.

வழி சுலபம். கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலம் தாண்டி, இடப்பக்கம் காக்காயன்தோப்பு வழி. அருங்காட்சியகத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்குள் மேட்டுக்குப் போவது நல்லது. தண்ணீர் கையில் இருக்க வேண்டும், மழைக்குப் பின் செருப்பு வழுக்கும். அதே மழை மண்ணைக் கழுவி மணிகளை மேலே கொண்டுவரும். எடுக்கவும் கூடாது, யாராவது விற்றால் வாங்கவும் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். திரும்பி வர அங்கே ஆட்டோ கிடைக்காது. காத்திருப்புக் கூலியைக் கிளம்பும்போதே பேசிவிட்டால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு இல்லை. ஆடி ஐந்தாம் வெள்ளி என்றால் அதே பாதையில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அன்றைக்கு மட்டும் அரிக்கமேட்டை மறந்துவிடுங்கள், வண்டி நகராது.

ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறவர்களுக்குப் பாகூர். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் ஒரு கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களை எழுதிக்கொடுத்த செப்பேடு கிடைத்த ஊர் அது. மூலநாதர் கோயில் மதியம் நடை சாத்திவிடும், காலையிலேயே அனுப்புங்கள். பெரும்பாலானவர்கள் உள்ளே போய்க் கும்பிட்டு, விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆடலும் இசையுமாக உள்ள சிறு சிற்பங்கள் அடித்தளத்தில், முழங்கால் உயரத்துக்குக் கீழே, கையகல அளவில் இருக்கின்றன. காலைச் சாய்வெயில் படும் பக்கமாகப் போய், குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். நிழல் பக்கத்துக்கு செல்போன் டார்ச் போதும்.

இப்படிக்கு,
ஊரை நடந்து காட்டுகிறவர்கள்