வாழ நல்ல ஊர் எதுன்னு குழாயைத் தொறந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல தமிழ்நாட்டுல குடியேற ஏத்த ஊர் எதெதுன்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. ஆஸ்பத்திரி, காலேஜ், மால், ஏர்போர்ட் எவ்வளவு தூரம், வீட்டு வாடகை எவ்வளவுன்னு எல்லாம் கட்டம் கட்டிப் போட்டிருந்தீங்க, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நாலு தடவ திருப்பித் திருப்பிப் படிச்சும் தண்ணிங்கிற வார்த்தைய மட்டும் காணோம். எழுதினவங்க குடம் தூக்கிப் பழக்கமில்லாத ஆளுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு, தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க வீட்டுக்காரருக்கு பேங்க்ல வேலை. 1993ல கல்யாணம் ஆனதுல இருந்து அவர் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஊர் நாலு, வீடு ஒன்பது மாறியிருக்கோம். ஒவ்வொரு ஊரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த ஊர் கோயிலாலயோ கடைவீதியாலயோ இல்ல, அங்க தண்ணி எப்ப வரும், எப்படி ருசிக்கும், அதுக்கு யார் கூட சண்டை போட்டேங்கிறதாலதான்.

எனக்கு பொறந்த ஊர் அம்பாசமுத்திரம். தாமிரபரணி பாபநாசத்துல மலையவிட்டு இறங்கி பத்து கிலோமீட்டருக்குள்ள எங்க ஊருக்கு வந்துரும். விடியக்காலம் ஆத்துல குளிச்சுட்டு ஈரச்சேலையோட ஒரு குடத்த இடுப்புல வச்சுட்டு வந்தா அன்னைக்கு குடிக்க அதுதான். தண்ணிக்கு காசு உண்டுங்கிறதே எனக்கு 22 வயசுல ராமநாதபுரத்துலதான் தெரியும்.

அங்க போன மொத வாரம். அரிசி களைஞ்ச தண்ணிய வாசல்ல வீசி ஊத்தினேன், எங்க ஊர் பழக்கம். எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து "ஏத்தா, என்னத்தா இப்படி கீழ ஊத்துற, மாடு நிக்கிது, செடி நிக்கிது கண்ணு தெரியலயா"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது ஒண்ணுதான் அங்க இலவசமா வந்த தண்ணி. வீட்டு அடிபம்புல வர்றது கடல்தண்ணிக்கு அண்ணன், சோப்பு நுரைக்காது, பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. குடிக்கவும் சமைக்கவும் ட்ரைசைக்கிள்ல ஒருத்தர் குடம் கொண்டு வருவார், குடம் ஒரு ரூபா, இறக்கி வச்சுட்டு சுவத்துல கரியால ஒரு கோடு கிழிச்சுட்டுப் போவார், மாசக் கடைசில ரெண்டு பேரும் நின்னு கோடு எண்ணுவோம். ஒரு தடவ மழையில சுவரு நனைஞ்சு கோடு அழிஞ்சு போச்சு, அவர் சொன்ன கணக்கத்தான் குடுத்தேன், வேற என்ன செய்ய. முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு போனப்ப ஊத்து தோண்டி வச்சு, ஊற ஊற செரட்டையால மோந்து மோந்து ஒரு குடம் நிரப்புறதுக்கு பொம்பளைங்க அரை நாள் சுத்தி உக்காந்து இருந்தத பாத்தேன். ஒரு ஆள் கூட அலுத்துக்கல, ஊர்க்கதை பேசிக்கிட்டே இருந்தாங்க. நாங்க அந்த ஊர விட்டு வந்து ரொம்ப வருஷம் கழிச்சுதான் காவிரி கூட்டுக்குடிநீர் திட்டம் திருச்சிப் பக்கத்துல இருந்து அந்த மாவட்டத்துக்கு வந்துச்சு.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். உங்க பேப்பர்ல அந்தப் பக்கத்து கண்மாயை எல்லாம் "ஏரி"ன்னு எழுதுறீங்க. ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை பக்கம் அது கண்மாய். எங்க நெல்லைல அதுவே குளம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம்னு வடக்க போனாத்தான் ஏரி. மழைத்தண்ணிய கரை கட்டித் தேக்குறது எல்லாம் ஒண்ணுதான், ஆனா கண்மாய் வேற ஊருணி வேற, ஊருணி குடிக்கிறதுக்கு, அதுல கால் கழுவினா ஊரே திரண்டு வந்துரும். ரெண்டையும் ஏரின்னு எழுதினா அந்த ஊர்க்காரங்களுக்கு நீங்க எதச் சொல்றீங்கன்னே புரியாது. வயலும் அப்படித்தான், கோயம்புத்தூர் பக்கம் தோட்டம், காடும்பாங்க, காடுன்னா மரம் அடர்ந்த காடுன்னு நான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன், வடக்க கழனி. சரி விடுங்க.

கோயம்புத்தூர் போனதும் சொர்க்கத்துக்கு வந்த மாதிரி இருந்துச்சு. வீடு பாக்கப் போனா அட்வான்ஸ் பேசுறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்வி "சிறுவாணி வருதுங்களா, எத்தன நாளைக்கு ஒருக்கா உடறாங்க"ங்கிறதுதான். சிறுவாணி வர்ற தெருவுக்கு ஒரு வாடகை, பில்லூர் தண்ணி வர்ற தெருவுக்கு ஒரு வாடகை. ரெண்டு குழாய், ஒண்ணு நல்ல தண்ணி ஒண்ணு உப்புத்தண்ணி. தெரியாம நல்ல தண்ணில துணிய முக்கிட்டேன், வீட்டுக்கார அம்மா மேல இருந்து "ஏனுங் அம்மிணி, அது குடிக்கிற தண்ணிங், அதுல போய் தொவைக்கறீங்களே"ன்னாங்க. கவனிச்சீங்களா, ராமநாதபுரத்துல கெடச்ச அதே திட்டுதான், கூட ஒரு "ங்" போட்டதால வலிக்கல. சிறுவாணி நிஜமாவே தித்திப்புதான், காபி போட்டா தெரியும், ஆனா தாமிரபரணிக்கு அப்புறம்தான்னு நான் சொல்வேன், இத நீங்க பிரசுரம் பண்ணினா கோயம்புத்தூர்ல இருந்து பத்து லெட்டராவது வரும், வரட்டும். அவங்க பெருமையா சொல்ற அந்த தண்ணிக்கு டேம் இருக்கிறது கேரளாவுல பாலக்காடு மாவட்டத்துலங்கிறது அங்கயே பாதிப் பேருக்கு தெரியாது.

2002ல திருவாரூர். கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலி, ஓடை அஞ்சு வேலின்னு (வேலிங்கிறது பழைய நில அளவு) சொல்ற ஊராச்சே, இனிமே நமக்கு தண்ணிக் கவலையே இல்லன்னு நினைச்சேன். நாங்க போன நேரம் காவிரி சரியா வராத வருஷங்க. ஜூன் 12ல மேட்டூர் டேம தொறக்கணும், தொறக்கல, குறுவை நெல்லே போச்சு. பால்காரர் பால் ஊத்திக்கிட்டே "மேட்டூர் அறுவது அடிக்கு கீழ போயிட்டாமே"ம்பார், 120 அடி டேம்ல இன்னைக்கு எவ்வளவுன்னு ஸ்கூல் புள்ளைங்களுக்குக் கூட தெரியும். ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஓடம்போக்கி ஆத்துல மணல்தான், பொம்பளைங்க அடிபம்புல தண்ணி அடிச்சு சாமி கும்பிட்டாங்க, எனக்கு அதப் பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் தெருவே "தண்ணி வந்துட்டு, தண்ணி வந்துட்டு"ன்னு கத்துச்சு, நான் பழக்கதோஷத்துல ரெண்டு குடத்தையும் தூக்கிட்டு குழாயடிக்கு ஓடுறேன், அங்க ஒரு ஆள் இல்ல, எல்லாரும் பாலத்துல நிக்கிறாங்க. ஆத்துல தண்ணி வந்திருக்கு. நுரையும் குப்பையும் செத்தையுமா தரையோட ஊர்ந்து வந்துச்சு, அதப் பாத்து ஒரு பெரியவர் செருப்ப கழட்டிட்டு கையெடுத்து கும்பிட்டார். நான் குடத்தோட நின்னதப் பாத்து பக்கத்து வீட்டு அக்கா சிரிச்சது இன்னும் காதுல கேக்குது.

நடுவுல மறுபடியும் கொஞ்ச வருஷம் கோயம்புத்தூர், அப்புறம் 2012ல இருந்து சென்னை, வேளச்சேரி. சென்னைய பத்தி நீங்களே தினமும் எழுதுறீங்க, நான் என்ன புதுசா சொல்ல. 2015 டிசம்பர்ல கீழ்வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, மாடில உக்காந்துக்கிட்டு சுத்தியும் தண்ணி, குடிக்க சொட்டு இல்ல. நாலே வருஷம் கழிச்சு 2019ல அதே தெருவுல லாரிக்கு டோக்கன் போட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னோம், ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். ஏரி இருக்கிற ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு ரயில்ல வர்ற தண்ணிக்கு காத்திருந்தோம்னு எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னா நம்பவே இல்ல, ஏதோ கதை விடுறேன்னு நினைச்சாங்க.

இன்னொரு சங்கதி. பொண்ண மார்த்தாண்டத்துல குடுத்திருக்கோம். சம்பந்தி வீட்டுக்கு மொத தடவ போனப்ப அந்த அம்மா "வெள்ளம் குடிக்கியளா"ன்னு கேட்டாங்க. 2015ல வெள்ளத்துல மாட்டினவ நான், ஒரு செகண்ட் திக்குனு ஆயிருச்சு. அங்க தண்ணிக்கே வெள்ளம்னுதான் பேர், 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோட இருந்த ஊருல்லா. எங்க ஊர்ல இருந்து ஒரு பஸ்சோ ரெண்டு பஸ்சோ மாறினா போயிரலாம், அதுக்குள்ள வார்த்தை மாறிப் போச்சு, மழையும் மாறிப் போச்சு. அங்க ஜூன்லயும் கொட்டும் அக்டோபர்லயும் கொட்டும். நீங்க என்னடான்னா "தமிழகத்தில் மழைக்காலம் தொடங்கியது"ன்னு அக்டோபர்ல தலைப்பு போடுவீங்க, அப்ப ஜூன்ல அங்க பெஞ்சது என்ன, வால்பாறைல பெஞ்சது என்ன, குத்தாலத்துல சாரல் அடிச்சது என்ன? சென்னைல நனைஞ்சாத்தான் தமிழ்நாடு நனைஞ்ச மாதிரியா?

2023 டிசம்பர் 17, 18ல எங்க பக்கம் பெஞ்சதே, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயில் நின்னு 800 பேர் கிட்ட மாட்டிக்கிட்டாங்க. அதுக்கு ரெண்டு வாரம் முந்தி சென்னை மழைக்கு டிவியில ராத்திரி பகலா காட்டினாங்க. எங்களுக்கு மொத நாள் பூரா அடில ஓடுற வரில ஒரு வரி. கரண்ட் இல்ல, அதக்கூட பாக்க முடியாதுங்கிறது வேற விஷயம்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்தந்த ஊர் செய்திய எழுதும்போது அந்தந்த ஊர் வார்த்தைய போடுங்க. அடுத்த தடவ குடியேற ஏத்த ஊர்னு பக்கம் போட்டா இன்னும் ஒரே ஒரு கட்டம் சேருங்க: எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது, வந்தா அதுல பருப்பு வேகுதா. வாடகைக்கு வீடு தேடுற எந்த பொம்பளையும் மால் எவ்வளவு தூரம்னு மொதல்ல கேக்க மாட்டா.

இப்ப 2020ல இருந்து மறுபடியும் அம்பாசமுத்திரத்துலதான் இருக்கோம். ஆத்துக்கும் எங்க வீட்டுக்கும் அரை கிலோமீட்டர் கூட இருக்காது. எங்க தெருவுல பாதி வீட்டுக்கு காலைல 20 லிட்டர் கேன் வருது, ஆத்துத்தண்ணி சேரலன்னு சொல்றாங்க, சாக்கடை கலக்குது அதுவும் உண்மைதான். கேன் போடுற பையன் எங்க வீட்டையும் கேட்டுட்டு போனான், இன்னும் யோசிக்கிறேன். அடுப்படில எப்பவும் ரெண்டு குடம் நிரப்பி மூடி வச்சிருப்பேன், ராமநாதபுரத்து பழக்கம், இன்னும் விட மாட்டேங்குது. ஆத்தங்கரைல இருந்துக்கிட்டு எதுக்குட்டி இதுன்னு எங்க அம்மா தினமும் கேக்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்