'டர்போ போயிருச்சு' என்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வருடம் ஓடிய டீசல் எஸ்.யூ.வி.யில் ஆக்சிலேட்டரை மிதித்துச் சற்று நேரம் கழித்தே வண்டி வேகம் எடுக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில், 'டர்போ போயிருச்சு' அல்லது 'இன்ஜெக்டர் போயிருச்சு' என்பதுதான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புவது டர்போ, டீசலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர். இரண்டும் பெரிய செலவு. ஆனால் கோளாறு பல வண்டிகளில் ஒரு ரப்பர் ஹோஸிலோ அதன் கிளிப்பிலோதான் இருக்கிறது. இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது பிக்கப் கிடைக்காமல் போவது உயிருக்கே ஆபத்து என்பதால், எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை வண்டி வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

டீசல் டர்போ இன்ஜின் 1500 ஆர்.பி.எம்.முக்குக் கீழே மந்தமாக இருப்பது இயல்பு. அது கோளாறு அல்ல. ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால் பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் ஏறத்தாழ 3000 ஆர்.பி.எம்.மைத் தாண்ட மறுத்து, சாவியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டால் அது லிம்ப் மோடு, அதாவது கோளாறு கண்ட வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜினின் சக்தியைத் தானே குறைத்துவிடும் நிலை. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. காரணம் அப்படியேதான் இருக்கிறது.

இவை எதுவும் இல்லை என்றால் முதல் கேள்வி, குறைவது காற்றா, டீசலா என்பது. இதைச் சொல்ல ஸ்கேனரில் வரும் கோளாறுக் குறியீடு (கோடு) மட்டும் போதாது. வண்டியை மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முழுதாக மிதித்து ஓட்டும்போது, ஒருவர் அருகில் அமர்ந்து ஸ்கேனரில் உடனுக்குடன் வரும் அளவுகளை (லைவ் டேட்டா) பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கேட்கும் பூஸ்ட் அழுத்தமும் (டர்போ தரும் காற்றழுத்தம்) உண்மையில் கிடைக்கும் அழுத்தமும் ஒன்றாக ஏறுகின்றனவா? ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தம், கேட்ட அளவுக்கு வருகிறதா? பூஸ்ட் பின்தங்கினால் காற்றுப் பக்கம், ரெயில் அழுத்தம் சரிந்தால் டீசல் பக்கம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோ பாஸ்கலை ஒட்டியும், ஊட்டியில் 78-ஐ ஒட்டியும் இருக்கும். அதிலேயே பெரிய வித்தியாசம் இருந்தால் சென்சார்தான் தவறு.

காற்றுப் பக்கத்தில் ஏர் ஃபில்டருக்கு அடுத்து, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களைப் பார்க்க வேண்டும். ஹோஸின் அடிப்பக்கத்தில் ஆயில் கசிவும் தூசியும் கலந்து ஒட்டியிருந்தால் அங்கே விரிசல் இருக்கலாம். வண்டி நிற்கும்போது அந்த விரிசல் மூடியே இருக்கும், பூஸ்ட் ஏறும்போதுதான் வாய் திறக்கும். ஆகவே கண்ணால் பார்ப்பது போதாது. காற்றுப் பாதையின் வாயை அடைத்து, ஒரு பாருக்கு மேல் போகாமல் காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

அடுத்து, டர்போவின் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் வாக்குவத்தில் (வெற்றிட இழுப்பில்) இயங்குவதாக இருந்தால் அதற்குப் போகும் மெல்லிய குழாய்களைப் பாருங்கள். இன்ஜின் சூட்டில் காய்ந்து வெடிப்பவை இவை. கை வாக்குவம் பம்ப்பை மாட்டி இழுத்தால் ஆக்சுவேட்டர் ராடு தடங்கலில்லாமல் நகர்ந்து, விட்டுப்போகாமல் நிற்க வேண்டும்.

உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யலாம். பெட்ரோல், துணி, கார்புரேட்டர் கிளீனர் எதுவும் ஆகாது. புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கரி படிந்து திறந்தபடியே நின்றால், புகை திரும்பி உள்ளே போய், தொடக்க இழுவையைத் தின்றுவிடும்.

டீசல் பக்கத்தில் முதலில் மாற்ற வேண்டியது ஃபில்டர். கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைபடுவதும் உண்டு. ஃபில்டரிலிருந்து வடிக்கும் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தெரியும். அதன் பிறகும் ரெயில் அழுத்தம் சரிந்தால்தான் பம்ப்பும் இன்ஜெக்டரும். அப்போதும் நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை (டாங்குக்குத் திரும்பி வடியும் டீசலை) ஒப்பிட்டு, அதிகம் வடிகிறதை மட்டும் டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்பினால் போதும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். முன்பெல்லாம் ஹோஸ் விட்டுப்போனால் கரும்புகை காட்டிக்கொடுக்கும். இப்போது அந்தக் கரியை டி.பி.எஃப். என்ற புகைக்குழாய் வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்வதால் புகை தெரிவதில்லை, டி.பி.எஃப்.தான் சீக்கிரம் அடைபடுகிறது. அதைச் சுத்தம் செய்துவிட்டு ஹோஸ் கசிவை விட்டுவிட்டால் மறுபடியும் அடைக்கும். டவுனுக்குள் மட்டும் ஓடும் வண்டியை அவ்வப்போது நெடுஞ்சாலையில் 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் கரி எரியும். டி.பி.எஃப்.பை அறுத்து எடுத்துவிடலாம் என்று சொல்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது, நாம் சுவாசிக்கும் காற்றையும் கெடுக்கும்.

பலர் பார்க்கத் தவறும் இடம் பிரேக் பெடல் ஸ்விட்ச். அது பழுதாகி, பிரேக் மிதிபட்டிருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்தால், பல வண்டிகளில் ஆக்சிலேட்டருக்கு முழுப் பலன் கிடைக்காது. காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிகிறதா என்று பின்னால் ஒருவரை நிற்கச் சொல்லிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

இத்தனைக்கும் பிறகு டர்போதான் என்றால், ஷாஃப்ட்டை முன்னும் பின்னுமாக ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. முன்பின் ஆட்டம் கையில் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசியிருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது ஆயில் ஃபீட் பைப்பையும் புதிதாகப் போட்டு, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவுக்குள் ஆயில் ஊற்றச் சொல்லுங்கள். பழைய பைப்பில் கரி அடைத்திருந்தால் புது டர்போவும் ஆயில் இல்லாமல் சீக்கிரமே போய்விடும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த பூஸ்ட், ரெயில் அழுத்த அளவுகளை பில்லிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள்.

இப்படிக்கு,
டீசல் வாகனப் பழுதுபார்ப்போர் சிலர்,
கோயம்புத்தூர்