அம்மாவின் பத்து மீட்டர்

தஞ்சாவூர்

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "அம்மா இன்னும் தடி ஊன்றித்தான் நடக்கிறாளா?" என்று கேட்டாய். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் அது அவள் காதிலும் விழுந்துவிட்டது. அன்று மாலை அவள் நடைப்பயிற்சிக்கு எழுந்திருக்கவே இல்லை. உன் மீது எனக்குக் கோபமில்லை, கயல். பக்கவாதம் வந்த பிறகு அவள் எவ்வளவு தேறியிருக்கிறாள் என்பதை நான்தான் உனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. ஆயுள் முழுவதும் நிலம் அளந்து சம்பளம் வாங்கியவன், ஆகவே அளந்ததையே எழுதுகிறேன்.

பிசியோதெரபி கூடத்தின் தரையில் 14 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை குறித்திருக்கிறார்கள். முதல் 2 மீட்டர் நடை சீராவதற்கும் கடைசி 2 மீட்டர் நிற்பதற்கும் விடப்பட்டவை. நடுவிலுள்ள 10 மீட்டருக்கு மட்டுமே ஸ்டாப்வாட்ச் ஓடும். முன்னே வரும் பாதம் கோட்டைத் தாண்டும் கணத்தில் அழுத்தி, மறுகோட்டைத் தாண்டும்போது நிறுத்துகிறார்கள். இப்படி மூன்று முறை நடக்கவைத்துச் சராசரி எடுக்கிறார்கள். "உங்களுக்கு வசதியான வேகத்தில் நடங்கள்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. முதல் நாள் நான் அவள் பக்கத்திலேயே நடந்தபடி, "வா, வா, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டு போனேன். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் என்னை மெதுவாக நிறுத்தி, பக்கத்தில் நடப்பவரின் வேகம் நோயாளிக்கும் தொற்றிக்கொள்ளும் என்றும், விழாமல் காக்க அரை அடி பின்னால் வந்தால் போதும் என்றும் விளக்கினாள். அந்த அளவை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

பக்கவாதம் வந்த 20ஆம் நாள் அம்மாவுக்கு அந்தப் பத்து மீட்டரைக் கடக்க 31 நொடி ஆயிற்று, நொடிக்கு 0.32 மீட்டர். 60ஆம் நாள் 20 நொடியில் கடந்தாள், நொடிக்கு 0.5 மீட்டர். உனக்கு இது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். ஆனால் முதல் 60 நாட்களில் நடை வேகம் நொடிக்கு 0.16 மீட்டர் கூடினாலே அன்றாட வாழ்வில் அது தெரியும் என்று 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டிருக்கிறது. கலிபோர்னியாவில் ஜாக்குலின் பெர்ரி என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் பக்கவாதம் வந்தவர்களை நடை வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஒரு வகைப்பாட்டை 1995இல் வெளியிட்டார்கள். அதன்படி நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே இருப்பவர்களின் நடமாட்டம் பெரும்பாலும் வீட்டுக்குள் அடங்கிவிடும், 0.4 முதல் 0.8 வரை உள்ளவர்கள் ஓரளவு வெளியே போய்வருவார்கள்; அதற்கு மேல் உள்ளவர்கள் வெளியில் தாராளமாக நடமாடுவார்கள். உன் அம்மா 0.4 என்ற அந்த முதல் எல்லையைத் தாண்டிவிட்டாள், கயல். அதுவும் அதே தடியோடுதான் தாண்டினாள்.

ஆனாலும் இந்த எண்ணை மட்டும் வைத்து அவளைத் தெருவில் தனியே விட எனக்குத் துணிவில்லை. நீ இருக்கும் இங்கிலாந்தில் சாலை கடக்கும் விளக்குக்கு நேரம் ஒதுக்கும்போது நெடுங்காலம் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரைத்தான் கணக்கில் கொண்டார்கள். அந்தக் கணக்கில் எட்டரை நொடிக்குள் கடக்க வேண்டிய தூரத்துக்கு அவளுக்கு இருபது நொடி வேண்டும். இங்கே கடைத்தெருவில் யார் நமக்காக நிற்கப் போகிறார்கள்?

எண் சொல்லாத ஒன்றும் உண்டு. இடது காலைத் தூக்கும்போது நுனிப்பாதம் தொங்கிவிடுவதால் இடுப்பிலிருந்தே காலை வெளிப்புறமாக வளைத்து வீசி வைக்கிறாள். இடது செருப்பின் முனை, பெருவிரலுக்கு நேராக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்ந்து வெளுத்துவிட்டது. சிமெண்டுத் தரையில் அது உரசும் ஓசையைக் கேட்டே அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று நான் அறிகிறேன். இந்த வாரம் அந்த ஓசை சற்றுக் குறைந்திருக்கிறது.

உன்னிடம் இரண்டு வேண்டுகோள்கள். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை கூப்பிடாதே. பேசிக்கொண்டே நடந்தால் அவளுடைய நடை தளர்கிறது. சில சமயம் நின்றே விடுகிறாள். அடுத்து, குதிகாலில் பட்டை வைத்த செருப்பு ஒன்று வாங்கி அனுப்பு. அது முன்னரே வந்தாலும், வரும் பத்தாம் தேதி அளவெடுத்த பிறகுதான் அவள் காலில் போடுவேன். இதுவரை எல்லா அளவுகளையும் பழைய செருப்போடுதான் எடுத்திருக்கிறோம்.

அன்புடன்,
அப்பா